தமிழில் வாசித்து விளக்கப்பட்டது

எங்கள் ஆபீஸில் இப்போது ஒரு செயலி வந்திருக்கிறது. கட்சிக்காரர் தமிழில் பேசுகிறார், கைப்பேசி கேட்டுக்கொள்கிறது, அவர் பேசி முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் வாக்குமூலம் மலாயில் வந்து விழுகிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பழைய பழக்கத்தில் அங்கே போயிருந்தேன். பயிற்சிக்கு வந்திருக்கும் வக்கீல் பெண் அதைச் செய்து காட்டிவிட்டு, "அங்கிள், நீங்கள்லாம் ஒரு ஸ்டேட்மெண்டுக்கு மூணு மணி நேரம் எடுத்துக்குவீங்களாமே, நெசமாவா?" என்றாள். நிஜம்தான் என்றேன். "அவ்ளோ நேரம் என்னதான் லா செஞ்சீங்க?" என்றாள்.

நின்ற இடத்திலேயே சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது ஒரே ஒரு கேஸ்தான் திரும்பத் திரும்ப முன்னால் வந்தது. அது எனக்குப் பெருமை சேர்த்த கேஸ் அல்ல.

என் பெயர் கோவிந்தன். சுங்கை பட்டாணியில் முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தா. மெர்போக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். ஐந்தாம் படிவம் முடித்து, தட்டச்சு பழகி, ஒரு கிழட்டு வக்கீலிடம் சேர்ந்து நிலப் பெயர் மாற்றம், உயில், விவாகரத்து என்று பதினேழு வருஷம் ஓட்டினேன். அவர் காலமானதும் ஆபீஸை மூடினார்கள். மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு பெண் வக்கீல் புதிதாக ஆபீஸ் போட்டிருக்கிறார், ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர்தான் மிஸ் யோகேஸ்வரி. என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவர்.

"மலாயில தட்டச்சுத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "தமிழில ஒரு ஆள் கதைக்கேக்க, இடையில மறிக்காமக் கேக்கத் தெரியுமோ?" என்றார். அதற்கும் தெரியும் என்றேன். இரண்டாவது பதில் பொய் என்பது எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவருடைய யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டதும் எங்கள் அப்பா முகத்தைச் சுளித்துவிட்டார். தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கூப்பிடுகிறவரும், பால் நிறுத்துப் போடுகிறவரும் அந்தக் காலத்தில் அநேகமாகச் சிலோன் தமிழர்கள். "சிலோன் கிராணிகிட்ட நான் கையக் கட்டி நின்னது பத்தாதா? நீ வேற போயி நிக்கணுமா?" என்றார். "இவங்க அப்படி உத்தியோகத்துக்குக் கப்பல் ஏறி வந்தவங்க இல்லப்பா. உசுருக்குப் பயந்து ஓடி வந்தவங்க" என்றேன். "பேச்சு அதே பேச்சுதானே?" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மிஸ் ஒன்பது வயதில் தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவருடைய அப்பா கலவரத்தில் போய்விட்டார். சுங்கை பட்டாணியில் ரயில்வேயில் வேலை பார்த்த தாய்மாமா ஒருவர் இருந்தார். அகதி என்ற ஆளுக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடம் கிடையாது. தற்காலிகமாகத் தங்கும் அனுமதிக் காகிதத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே பல வருஷம் போனது. கடைசியில் மாமா கோர்ட் வழியாக அவரைத் தத்தெடுத்து, பிறகு குடிமக்களின் நீல அட்டை இல்லாவிட்டாலும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை கிடைத்து, அதை வைத்துக்கொண்டே படித்து வக்கீலானார்.

ஒருமுறை பாலிங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பிறப்புப் பத்திர வேலையாகப் போனோம். அங்கேயே பிறந்து அங்கேயே நரைத்த ஒரு பெரியவர், தன் அட்டையைக் காட்டக் கூச்சப்பட்டுச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருடையதும் சிவப்பு. மிஸ் கைப்பையைத் திறந்து தன்னுடையதை மேசை மேல் வைத்தார். பெரியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அட, லாயரம்மாவுக்கே இதுதானா!" என்று சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அந்தத் தோட்டத்தில் எங்களுக்கு டீத்தண்ணிக்குக் குறைவே இல்லை.

மிஸ் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. இனப் பாகுபாடு என்று யார் வந்தாலும் மூன்று கேள்விதான் கேட்பார். சொன்னது என்ன? எப்போது சொன்னது? வேறு யார் கேட்டது? சொன்னவன் மலாய்க்காரனா, சீனனா, நம் ஆளா என்று கட்சிக்காரர் ஆரம்பித்தால், "அது பிறகு" என்பார். அந்தப் பிறகு வந்ததே இல்லை. இந்தக் கட்டுரையிலும் நான் அதை எழுதவில்லை.

வாக்குமூலம் எடுக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் பேனாவை மூடிவைத்து, கட்சிக்காரரைத் தமிழில் பேச விட வேண்டும். அழுதாலும் திட்டினாலும் குறுக்கே போகக்கூடாது. இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் குறிப்பெடுக்க வேண்டும். பிறகு கேள்வி, பதில் என்று மலாயில் தட்டச்சு செய்து, திரும்பவும் தமிழில் ஒவ்வொரு பதிலாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் "ஆமா" என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். தலையாட்டினால் போதாது. எல்லா டிக்கும் விழுந்த பின் கடைசியில் ஒரு வரி வரும். இது சாட்சிக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது. அதன் கீழே என் கையெழுத்து. மூன்று மணி நேரம் இப்படித்தான் போனது.

கெட்ட வார்த்தையை எழுதும்போது ஆரம்பத்தில் நான் முதல் எழுத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைப்பேன். தமிழர்களை இழிவாகக் கூப்பிட இந்த நாட்டில் ஒரு பழைய சொல் இருக்கிறது. மிஸ் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "முழுசா எழுதுங்கோ அண்ணை. சொல்லை மறைச்சால் சொன்னவனுக்குத்தான் வசதி" என்றார். அதனால் இங்கேயும் முழுதாக எழுதுகிறேன். கெலிங்.

எல்லாக் கேஸும் கேஸாகிவிடாது. கோலா கெடாவுக்கு மாற்றலாகி வந்த ஒரு நர்ஸ் பெண்ணுக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. இந்தியர்களுக்குக் கிடையாது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட அப்போது சட்டத்தில் வழியில்லை. "சட்டம் இல்லாத இடத்தில மரியாதையாக் கேட்டுப் பாப்பம்" என்று மிஸ் போன் போட்டார். பதினோரு நிமிஷம் பேசினார். வீடு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, விளம்பரத்தின் நகலோடு ஃபைலில் போடச் சொன்னார். எதற்கு மிஸ் என்றேன். "ஒரு நாளைக்குச் சட்டம் வரும். அப்ப, இங்க இப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே எண்டு ஆராவது கேப்பினம். அதுக்கு" என்றார். அந்த மாதிரி ஃபைல்களுக்கென்றே ஒரு இரும்பு அலமாரி நிறைந்திருந்தது.

இனி லெட்சுமி கேஸ்.

லெட்சுமிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கையுறைத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷமாக வேலை. பீங்கான் கைகள் வரிசையாக லைனில் சுற்றி வரும், அவற்றிலிருந்து கையுறைகளை உரித்தெடுக்க வேண்டும். புதிதாக வந்த சூப்பர்வைசர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவான். ஏழு மாதம் பொறுத்தார். ஆபீஸில் இரண்டு முறை சொல்லியும் பார்த்தார். ஒருநாள் கழிவறைக்குப் போய்விட்டு இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தபோது, லைனில் எல்லார் முன்னாலும் அந்தச் சொல்லைக் கத்திச் சொன்னான். அன்றைக்கு லெட்சுமி வாயால் திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் வேலைநீக்கக் கடிதம் வந்தது. மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை, தகாத சொற்கள் பேசியது என்று அதில் போட்டிருந்தது.

"எனக்கு நஷ்ட ஈடுல்லாம் வேணாம் மிஸ்" என்றார் முதல் நாளே. "எனக்கு என் லைன் வேணும். இந்த சூராட்ட வச்சிக்கிட்டு இந்த வயசுல எந்தக் கம்பெனி வாசல்ல போயி நிக்கிறது? பதினாலு வருசம் ஒரு நாள் லேட்டா போனதில்ல. தப்பு பண்ணிட்டு வந்தவன்னு நாங்க குடியிருக்கிற தாமான்ல பேசுறாங்க." சூராட் என்ற அந்தக் கடிதத்தை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையிலேயே வைத்திருந்தார்.

வேலைநீக்கத்துக்கு அறுபது நாளுக்குள் மனுப் போட வேண்டும். போட்டோம். முதலில் சமரசப் பேச்சு. அதில் வக்கீல் உள்ளே போகக்கூடாது என்பது விதி. லெட்சுமி தனியாகப் போய், நாற்பது நிமிஷத்தில் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். அதன் பிறகு வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போனது. வாக்குமூலம் எடுக்கும் வேலை என்னுடையது.

பேனாவை மூடிவைத்துக் கேட்டேன். எல்லாம் சொன்னார். கடைசியாக, "நானும் சும்மா இருக்கல அண்ணே" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"என்னைய அப்படிக் கூப்பிடாத, நான் இங்கயே பொறந்தவன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கணும். பக்கத்துல ஒரு மியன்மார் புள்ள நிக்கும், அகதி அட்டை வச்சிக்கிட்டு வேலை செய்யுது. அதைக் கையக் காட்டி, 'நாடு இல்லாம ஓடி வந்த நாய் இங்க நிக்கிது பாரு, அதப் போயி அப்படிக் கூப்பிடு'ன்னு சொல்லிட்டேன். ஆத்திரம் அண்ணே. வாய் போயிருச்சு."

பக்கத்து அறையில் மிஸ் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. லெட்சுமிக்கு மிஸ்ஸின் கதை தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் அந்த வரியை எழுதவில்லை.

தட்டச்சு செய்து வாசித்துக் காட்டும்போது, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்ற கேள்விக்கு, அப்படிக் கூப்பிட வேண்டாம், நான் இங்கே பிறந்தவள் என்று சொன்னேன் என்ற பதிலோடு நிறுத்தினேன். லெட்சுமி என்னைப் பார்த்தார். "மத்தது அண்ணே?" என்றார். "அது தேவையில்லம்மா. கேஸ் கெட்டுப்போகும். கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவர் "ஆமா" என்றார். நான் டிக் போட்டேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால் ஒரு தப்பு. கம்பெனி தரப்புப் பதிலிலும் தகாத சொற்கள் என்று மொட்டையாகத்தான் இருந்தது. மிஸ் அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, "என்ன சொற்கள்? நீங்கள் கேட்டனீங்களோ அண்ணை?" என்றார். "அப்படிக் கூப்பிடாதன்னு கொஞ்சம் சத்தமா சொன்னாங்க, அதான் மிஸ்" என்றேன். என் வேலையின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மேலே கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, பினாங்கில் விசாரணை வந்தது. லெட்சுமி கோயிலுக்குப் போகிற மாதிரி நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் உறை கையில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். காலை முழுவதும் நன்றாகத்தான் போனது. கம்பெனி வக்கீல் எழுந்து நாலைந்து சில்லறைக் கேள்விகள் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போது இன்னொரு தொழிலாளியைச் சுட்டிக்காட்டி ஏதாவது சொன்னீர்களா?" என்றார்.

லெட்சுமி பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "உள்ளத சொல்லவாங்க?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அவர், சொல்லுங்கள் என்றார். லெட்சுமி முழுதாகச் சொன்னார், நாய் என்ற சொல்லோடு. மொழிபெயர்ப்பாளர் அப்படியே மலாயில் சொன்னார். அந்த வாக்கியத்தை மிஸ் இரண்டு மொழியில் கேட்டார். கேட்கக் கேட்க எழுதிக்கொண்டிருந்தார். பேனா நிற்கவில்லை.

"இது உங்கள் வாக்குமூலத்தில் ஏன் இல்லை?"

"நான் சொன்னேன் ஐயா. எழுதுன அண்ணன்தான் வேணாம்னாரு."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. இன இழிவை எதிர்த்து வந்த பெண்ணே இன்னொருத்தியை இழிவாகப் பேசினார், பிறகு அதை மறைத்தார் என்று கம்பெனி வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். மறைத்தவன் பின்வரிசையில் இருந்தேன். பழி முன்னால் நின்ற லெட்சுமி மேல் விழுந்தது.

மிஸ் பதினைந்து நிமிஷம் அவகாசம் கேட்டார். வராந்தாவில் என் எதிரே வந்து நின்றார்.

"அவ உங்களிட்டச் சொன்னவவோ?"

"சொன்னாங்க மிஸ்."

"ஏன் எழுதேல்லை?"

"கேஸ் கெட்டுரும்னு..." என்று ஆரம்பித்தேன். அவர் பேசாமல் நின்றார். எதிரே ஆள் பேசாமல் நின்றால் உண்மை வந்துவிடும் என்பது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். "உங்களுக்கு மனசு கஷ்டமாயிரும்னுதான் மிஸ்" என்றேன்.

கார் நிறுத்துமிடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "இங்க தங்க விடச் சொல்லி எங்கட அம்மா வாக்குமூலம் குடுக்கேக்க, மொழிபெயர்க்க ஒரு நல்ல மனுசன் வந்தவர். நாங்கள் இங்க வர முதல் ரெண்டு மாசம் தமிழ்நாட்டில இருந்தனாங்கள். அதைச் சொன்னால் திருப்பி அங்க அனுப்பிப்போடுவினம் எண்டு அந்த மனுசன் தானா அதை விட்டுட்டார். பிறகு எங்கட பையில ஒரு பழைய பஸ் டிக்கெட் அகப்பட்டது. அஞ்சு வருசம் ஃபைலை மூடிப்போட்டாங்கள். பொய் சொன்னது அம்மா எண்டு அதில எழுதியிருந்தது. அந்த நல்ல மனுசன்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை."

குரல் கொஞ்சமும் மாறவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாங்கோ" என்றார். "உங்கட பேர் இருக்க வேணும்."

உள்ளே போய், தவறு சாட்சியுடையதல்ல, என் அலுவலகத்துடையது என்று நீதிமன்றத்திடம் சொன்னார். என்னைச் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டார். இருபது வருஷமாக எத்தனையோ பேரைக் கூண்டுவரை கைபிடித்துக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், பயப்படாதீங்க, கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க என்று. நான் ஏறியது அன்றுதான்.  மிஸ் நான்கு கேள்வி கேட்டார். சாட்சி உங்களிடம் என்ன சொன்னார்? எப்போது சொன்னார்? நீங்கள் என்ன எழுதினீர்கள்? உங்கள் வக்கீலிடம் என்ன சொன்னீர்கள்? நான்குக்கும் பதில் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அதைக் கம்பெனி வக்கீல் கேட்டார். "உங்கள் முதலாளியே அகதியாக வந்தவர். அதனால்தானே மறைத்தீர்கள்?"

லெட்சுமி வாயில் கையை வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "ஆமாம்" என்றேன்.

நீதிபதியாக இருந்த நீதிமன்றத் தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இந்த வேலையில் எத்தனை வருஷம் என்றார். சொன்னேன். "இதற்கு முன்னால் எத்தனை வரிகளை விட்டிருக்கிறீர்கள்?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. ஒரு நல்லெண்ணத்தில் இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை. நம் ஆள் குடித்திருந்தது, நம் ஆள் முதலில் கை ஓங்கியது. எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

மாலையில் கார் நிறுத்துமிடத்தில் லெட்சுமி மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உங்கள சொல்லல மிஸ். சத்தியமா உங்கள சொல்லல."

"என்னையும்தான் சொன்னனீங்கள்" என்றார் மிஸ். கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு மற்றச் சாட்சி. ஒன்பதரைக்கு வந்திடுங்கோ."

மறுநாளே நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "இதில காரணம் எழுதேல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணத்தோடு எழுதிப் பார்த்தேன். நாலு தடவை எழுதியும் நாலும் நன்றாக வரவில்லை. அதற்குள் நடப்பிலிருந்த ஃபைல்களை எல்லாம் எடுத்து மேசைமேல் அடுக்கி வைத்திருந்தார். ஒன்று விடாமல் கட்சிக்காரர்களின் வீட்டுக்கே போய் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். மெர்போக், பாலிங், கோலா கெடா என்று இரண்டு மாதம் மோட்டார் சைக்கிளில் அலைந்தேன். "விட்டது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. ஒவ்வொன்றையும் என் கையாலேயே சேர்த்து எழுதினேன்.

தீர்ப்பு வர எட்டு மாதமானது. வேலைநீக்கம் நியாயமற்றது. திரும்பவும் அதே வேலை. சக தொழிலாளியைப் பற்றி லெட்சுமி பேசியது இழிவானது, அதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கலாம், வேலையைப் பறித்திருக்கக் கூடாது என்றிருந்தது. தனக்கு எதிரானதை மறைக்காமல் சொன்ன சாட்சியை மற்றவற்றிலும் நம்புவதாகத் தலைவர் எழுதியிருந்தார். நான் காப்பாற்றுவதாக நினைத்து வெட்டிய வரிதான் லெட்சுமிக்கு அவருடைய லைனைத் திருப்பிக் கொடுத்தது. தொலைபேசியில் சொன்னபோது லெட்சுமி அழுதார். நானும் அழுதேன். மிஸ் இரண்டு பேரும் முடிக்கும்வரை காத்திருந்து, எந்தத் தேதியில் வேலைக்குப் போக வேண்டும் என்று சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய பத்தாவது நாளோ என்னவோ, லெட்சுமி காலை ஷிப்ட் முடித்துச் சீருடையோடு ஆபீஸுக்கு வந்தார். பழம் ஏதாவது கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மிஸ், அந்தப் புள்ள இல்ல."

"எந்தப் பிள்ளை?"

"மியன்மார் புள்ள. நான் நாய்னு சொன்னேனே, அது. கேஸ் கோர்ட்டுக்குப் போயிருச்சின்னு தெரிஞ்சதும் கம்பெனிக்குப் பயம் வந்திருக்கு, செக்கிங் வருமின்னு. அகதி அட்டைக்காரவங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல அனுப்பிட்டாங்களாம். எங்க போச்சின்னு யாருக்கும் தெரியல. கேட்டுப் பாத்துட்டேன். மன்னிப்புக் கேக்கணும்னு போனேன் மிஸ்."

மிஸ் பேனாவை எடுத்தார். "அவன் உங்களை அந்தச் சொல்லால கூப்பிட்டதை அந்தப் பிள்ளை கேட்டதோ?"

"கேக்காம? ஏழு மாசமும் கேட்டுச்சி. ஒரு தடவ அவன் போனப்புறம் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்திச்சி."

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. முதல் வாரமே நான் அந்த வரியை எழுதியிருந்தால், வேறு யார் கேட்டது என்ற கேள்வி வந்திருக்கும். அந்தப் பெண் அப்போது லைனில்தான் நின்றுகொண்டிருந்தாள். கூண்டில் ஏற்றாவிட்டாலும், அவளை எங்கே எப்படிப் பத்திரமாக வைப்பது என்று மிஸ் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார். நான் விட்டது ஒரு கெட்ட வார்த்தை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அந்த வரிக்குள் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"அவவின்ர பேர் என்ன?" என்றார் மிஸ்.

லெட்சுமி சீருடை முனையை இழுத்து இழுத்து விட்டார். "மூணு வருசம் பக்கத்துல நின்னேன் மிஸ்" என்றார். "ஏய்னுதான் கூப்பிடுவேன்."

"புது ஃபைல் ஒண்டு திறவுங்கோ அண்ணை" என்றார் மிஸ்.

அலோர் ஸ்டாரிலும் பினாங்கிலும் மியன்மார் ஆட்கள் கூடுகிற இடங்களில் எல்லாம் கேட்டோம். தடுப்பு முகாம்களுக்கு எழுதினோம். பெயர் என்ன என்று எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஃபைல் என் மேசை இழுப்பறையில் இருந்தது, இப்போது மிஸ்ஸின் மேசையில் இருக்கிறது. அட்டையில் கட்சிக்காரரின் பெயர் என்ற கட்டத்துக்குள், அன்று லெட்சுமி சொல்லச் சொல்ல நான் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, அவர் "ஆமா" என்று சொன்ன ஒரே வரி இருக்கிறது. லெட்சுமிக்கு இடது பக்கம் நின்றவர்.